வேர் பிடிக்கும் வரை

மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாத்திரைகளுக்கும் தலைவலி மாத்திரை என்றுதான் பெயர். பெயர் வைத்தவள் நான்.

என் மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வெடிக்காமல் இருக்க, தொடை வழியாக அதற்குள் மெல்லிய குழாய் விட்டு, பிளாட்டினக் கம்பிச்சுருளை நிரப்பினார்கள். கடைசிச் சுருளின் ஒரு வளையம் ரத்தக்குழாய்க்குள் நழுவி வந்துவிட்டது. டாக்டர் பதறாமல், வலைபோன்ற ஸ்டென்ட் வைத்து அதைச் சுவரோடு ஒதுக்கிவிட்டார். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றார். நழுவியது என்றால் ஆபரேஷனே கெட்டுவிட்டதாக என் மாமியார், அத்தை, அழுவார்கள் என்று, கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தது சரியா என்று தினமும் யோசித்தேன்.

போன வாரம் காலை, பலாக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை விரலில் இறங்கியது. அத்தை காப்பித்தூளை அள்ளி அப்பினார்கள். தூள் நனைந்து வழிந்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை. நிமிடத்துக்கொரு முறை துணியை விலக்கிப் பார்த்தேன். மூன்று வயது மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாத்தர தான் ரத்தத்தத் தண்ணியாக்குது. தலவலிக்குத்தான கண்ணு, ரெண்டு நாளைக்கு உடு," என்றார்கள் அத்தை.

அவர்கள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஆனால் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"தூளைக் கழுவுங்க. பத்து நிமிஷம் துணிய எடுத்துப் பாக்காம அழுத்துங்க. நிக்கலைன்னா கிளம்பி வாங்க. மாத்திரைய நிறுத்தவே கூடாதும்மா," என்றார் நர்ஸ்.

தூளைக் கழுவிவிட்டு, அழுத்திக்கொண்டே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மொளகுக்கொடி நழுவுனா மரத்தோட சேத்துக் கட்டுவோமில்லைங்க? அந்தக் கட்டுதானுங்க உள்ள இருக்குது. மாத்திர நின்னா ரத்தம் அங்க உறைஞ்சுக்கும்."

அத்தை அழவில்லை.

"அப்ப வேர் புடிக்கிற வரைக்கும் கட்டுல கை வெக்கக் கூடாது. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நானென்ன உன்னக் கடிச்சா தின்னுருவேன்?"

பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தேன். ரத்தம் நின்றிருந்தது. அத்தை இரண்டு மாத்திரைகளையும் பிரித்து என் வாயில் போட்டு, தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்கள்.

"முழுங்கு சாமி. பலாக்காய நான் பாத்துக்கறேன்."