வறண்ட கண்மாயில் கிடந்த படகு

1973 ஜூலை 27, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது இருபது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில், ஒரு சொட்டுத் தண்ணீரில்லாத கண்மாய்க்குள் ஒரு படகு உடைந்து கிடந்தது. அது உடையக் காரணமானவன் நான். திருச்சுழிக் கோயிலில் இருக்கும் துணைமாலையம்மையின் அடியார்களே, அந்த வெட்கத்திலிருந்து அவள் என்னைத் தூக்கிவிட்டதை, நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்தான். நூல்கடையில் வேலை. வலை நூல் வாங்கக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து நாகராசு என்ற மீனவர் வருவார். எட்டு வருடம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர், அந்த வருடம்தான் தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு படகு வாங்கினார். எஞ்சின் இன்னும் பொருத்தவில்லை. ஆடிக்காற்றில் கடல்வழி கொண்டுபோக முடியாது. கடலோரச் சாலையையும் மணல் மூடியிருந்தது. அதனால் இரண்டு சக்கர வண்டியில் படகை ஏற்றி, ஜீப்பில் இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் வழியாக வந்தார். பாளையம்பட்டியில் ஜீப் படுத்துவிட்டது.

என் சிநேகிதன் பெருமாள் நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி, விவசாயம் செய்கிறவன். அவனுடைய டிராக்டரை வரவழைத்தேன். ஜீப்போடு வண்டியை மாட்டியிருந்த இரும்புத்தண்டு அதற்குப் பொருந்தவில்லை. கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். நாகராசு கட்டப் போனார். நான் விடவில்லை.

"தள்ளுங்க. எங்க வீட்டு முடிச்சு மூணு தலைமுறையா அவுந்ததில்ல" என்றேன்.

தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைக்கும் முடிச்சை அந்த வடக்கயிற்றில் போட்டேன். திருச்சுழி தாண்டி, கண்மாய்க்கரை ஏற்றத்தில் அது நழுவியது. வண்டி பின்னால் உருண்டு, கரைச்சரிவில் கண்மாய்க்குள் இறங்கியது. படகு கருவேல மரத்தின் மூட்டில் மோதி, அடிப்பலகை மூன்று பிளந்தன. யாருக்கும் அடியில்லை. அரை மணிக்குள் ஊரே கரையில் நின்றது.

"ஏலே, தண்ணியில்லாத கம்மாயில படகக் கவுத்த மொத ஆளு நீதாண்டா!" என்றான் பெருமாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகராசு சிரிக்கவில்லை. பிளந்த பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

படகுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மதுரை அலுவலகத்துக்கு அன்றே தந்தி கொடுத்தோம். அதிகாரி வந்து பார்க்கும்வரை படகை அசைக்கக் கூடாது என்று பதில் வந்தது. பின்னாலேயே தபாலில் ஒரு படிவமும் வந்தது. அதில் ஒரு கேள்வி: விபத்தின்போது நீரின் ஆழம் எவ்வளவு?

பெருமாள் என் காதருகே வந்தான். "கயித்த அரிவாளால ரெண்டா அறுத்து வச்சிருடா. கயிறு அந்துபோச்சுன்னு எழுது. முடிச்சு அவுந்துச்சுன்னு எழுதுனா ஒங்க அசட்டைன்னு தள்ளிருவாங்க."

நாகராசு சொன்னார்: "அண்ணே, எனக்கு எழுதத் தெரியாது. நீங்க எழுதுறதுலதான் எம்புள்ளைக கஞ்சி இருக்கு."

அன்று மாலை அம்மை சந்நிதியில் நின்றேன். "தாயே, என் மானம் போகட்டும். அவர் படகு போகக் கூடாது." வீட்டுக்கு வந்து எழுதினேன். நீரின் ஆழம்: இல்லை. காரணம்: முடிச்சு. போட்டவன்: நான்.

பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஆகஸ்டு பிறந்து சில நாளில் மாலைதோறும் மேகம் கூடத் தொடங்கியது. மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் கண்மாய்க்கு வரும். பிளந்த படகு சேற்றில் புதைந்துவிடும். ஆனால் பெருமாளின் கம்புப் பயிர் வாடி நின்றது. ஊரே மழைக்கு வேண்டும்போது, வராதே என்று கேட்க வாய் வருமா? சந்நிதியில் நின்றேன். "உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இடி உறுமும்போதெல்லாம் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன்.

ஆகஸ்டு 17. அதுவும் வெள்ளிக்கிழமை. காலைப் பஸ்ஸில் அதிகாரி வந்து இறங்கினார். படகைப் பார்த்தார். பிறகு கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் உருவிப் பார்த்தார். "அதே முடிச்சை இன்னொரு தடவை போடுங்க" என்றார். ஊர் பார்க்கப் போட்டேன். காலால் மிதித்து இழுத்தார். நழுவியது. கரையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"கயிறு அறுந்துபோச்சுன்னு எழுதுறவங்கதான் அதிகம். அரிவாள் வெட்டு எனக்குத் தெரியாதா? அப்படி இருந்திருந்தா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பேன்."

பெருமாள் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு எங்களோடதுதானேய்யா?" என்று நாகராசு பயந்து கேட்டார்.

"வேணும்னேயா கவுத்தீங்க? கைதவறினது. தரைவழி இழுத்துட்டுப் போறதுக்கும் பாலிசியில இடம் இருக்கு. எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பாருங்க, செலவுக்குப் பணம் வரும்."

நாகராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் ஊர்க்காரர்கள் கூடிப் படகைக் கரையேற்றினோம். இந்த முறை கயிறு கட்டியது நாகராசு. மாலை நான்கு பத்துக்கு மழை பிடித்தது. பெருமாள் நனைந்துகொண்டே கத்தினான்: "ஏலே, இப்பத் தண்ணி வருது பாரு, படக எறக்குவமா?" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அக்டோபரில் படகு கடலில் இறங்கியது. அதற்குத் 'துணைமாலை' என்று பெயர் வைத்தார் நாகராசு. அதுவரை என் வேலையில் இன்னொருவர் கைவைக்க விட்டதில்லை நான். ஆறு வருடமாகிறது, இன்றும் எதைக் கட்டினாலும் பக்கத்தில் நிற்பவரிடம் "இது சரிதானா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அன்பர்களே, வெட்கத்தை வெளியே விட்டுவிட்டு, கஷ்டத்தை மட்டும் சந்நிதிக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டையும் அவள் காலடியில் வையுங்கள். எதைக் கேட்பதென்று தெரியாவிட்டால் சும்மா நில்லுங்கள். அதிகாரி எப்போது வர வேண்டும், மழை எப்போது வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.