அக்காவும் நாலு பிளக்குகளும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே,

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி கேட்ட அவருடைய கணவர், எங்கள் அத்தான், ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். "வாசிக்கிற சனம் அழுகிற மாதிரி எழுதாதையும். அவாவுக்கு அது பிடிக்காது." ஆகவே, அக்கா சிரித்த ஒரு நாளையும், எங்களைச் சிரிக்க வைத்த ஒரு வேலையையும் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கண்டாவளையில். எங்கள் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். அவருக்கு நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டிலேயே அப்பா காலமானார். அம்மாவோடு நாற்று நட்டுக்கொண்டே படித்து, குடும்பநல மருத்துவமாதுவாக வேலைக்குப் போனார் அக்கா; அன்றிலிருந்து ஊருக்கு அவர் மிஸ்ஸி. போர் நாட்களில் நாங்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சட்டி பானைக்கு முன்னால் அவருடைய மருத்துவப் பைதான் சைக்கிளில் ஏறும். தறப்பாள் கொட்டில்களுக்குள்ளும் பதுங்குகுழிகளுக்குள்ளும் எத்தனையோ குழந்தைகளை அவர் கையில் ஏந்தினார். அவருக்கென்று பிள்ளைகள் இல்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மீள்குடியேறிய பின்னர் சைக்கிள் போய் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓய்வுபெற்றதும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார்.

மூன்று வருடங்களுக்கு முன் அத்தானின் இரு கண்களிலும் வெண்புரை முற்றிவிட்டது. நீண்ட நாள் காத்திருந்து, வவுனியாவில் சத்திரசிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. வெட்டிய கண்ணோடு புழுதிக்குள்ளும் பஸ் நெரிசலுக்குள்ளும் அவரைக் கொண்டுவர அக்காவுக்கு மனமில்லை. "என்ர காரிலதான் போறம்" என்று முடிவு கட்டினார். காருக்கோ அந்த எண்ணம் இல்லை. திங்கட்கிழமை பரந்தன் சந்திக்குப் போய்வரும் வழியில் அது திக்கித் திக்கி ஓடியது. நிறுத்திய இடத்தில் காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது.

அக்கா நேரே கராஜுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கராஜ்காரத் தம்பி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஸ்பார்க் பிளக் நாலும் முடிஞ்சுது மிஸ்ஸி. விட்டிட்டுப் போங்கோ, வெள்ளிக்கிழமை தாறன்" என்றார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் மாதாமாதம் எடை நிறுத்துப் பார்த்தவர் அக்கா. ஆனாலும் அங்கே ஆறு ஓட்டோக்கள் வரிசையில் நின்றன. யாரையும் முந்துவது அக்காவின் பழக்கமில்லை.

"வியாழன் எங்களுக்குக் கண் ஒப்பரேசன். நான் மாத்தினால் என்ன தம்பி?"

"மாத்தலாம் மிஸ்ஸி. எஞ்சின் நல்லா ஆறவேணும். புதுசைக் கையாலயே திருகி இறக்குங்கோ, பிறகுதான் சாவியால இறுக்கவேணும். கூட இறுக்கினால் திருகு மரை போயிடும், பிறகு என்னாலயும் கெதியாச் செய்யேலாது. வயரை மட்டும் ஒண்டொண்டாக் கழட்டுங்கோ."

நாலு புதுப் பிளக்குகளை அங்கேயே வாங்கினோம்; அவற்றைத் திருகும் சாவியை அவரே இரவல் தந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் எதிர்த்தேன். "மரை போனால் காரும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. கிளிநொச்சியில வேற கராஜ் பாப்பம் அக்கா."

"எத்தினை வருசம் நடுறோட்டில நிண்டு மோட்டார் சைக்கிள் பிளக்கைத் துடைச்சிருப்பன்? அதுக்கு ஒண்டு, இதுக்கு நாலு. அதே வேலையை நாலு தரம் செய்யவேணும், அவ்வளவுதான்."

"பிழையாப் போனால்?"

"நாளைக்குச் செவ்வாய். பிழையாப் போனாலும் புதன் ஒரு நாள் கையில இருக்கு. ஒரு நாளும் கையில இல்லையெண்டால் நான் தொடமாட்டன்."

எதையும் இப்படிக் கணக்குப் பார்த்துத் துணிவதுதான் அவருடைய குணம். வெளியில் பார்ப்பவர்கள் அதை வெறும் துணிச்சல் என்பார்கள்.

மறுநாள் காலை மாமரத்தடியில் காரின் மூடியைத் திறந்தோம். அக்கா மருத்துவப் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து, நாலு துண்டாக வெட்டி, ஒன்று முதல் நாலு வரை இலக்கம் எழுதினார். சும்மா இருக்கப் பிடிக்காத அத்தான், "நான் ஒட்டிறன்" என்றார். அக்கா பிளக்குகளைச் சுற்றியிருந்த புழுதியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தான் வயர்களைத் தடவித் தடவி ஒட்டி முடித்தார்.

"ஒண்டொண்டாத்தானே கழட்டச் சொன்னவர்?" என்றேன்.

"இலக்கம்தான் இருக்கே" என்று சொல்லி அக்கா நாலையும் ஒன்றாகவே கழற்றினார். அன்று அவர் செய்த ஒரே அவசரம் அதுதான்.

பழைய பிளக்குகள் கரிப்பிடித்து வந்தன. புதியவற்றைக் கையாலேயே, மூச்சைப் பிடித்தபடி, ஊசி போடும் கவனத்தோடு இறக்கினார். அளவாக இறுக்கினார். இலக்கம் பார்த்து வயர்களைக் கொழுவினார். கைகளைத் துடைத்துவிட்டு, அத்தானைப் பக்கத்தில் இருத்திக் கார்ச் சாவியைத் திருப்பினார்.

பெரிய வெடிச்சத்தம் ஒன்று. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. பக்கத்துக் காணியிலிருந்து, "என்ன மிஸ்ஸி, ஏதும் பிரச்சினையோ?" என்று குரல் வந்தது. கார் இரண்டு தரம் குலுங்கி நின்றது. அக்காவின் முகத்தில் நிறமே இல்லை. அவ்வளவு பயந்து அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் இரண்டாவது தடவை சாவியைத் திருப்பவில்லை. இறங்கி வந்து, "தம்பிக்கு ஒரு போன் எடு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கராஜ்காரத் தம்பி வந்தார். குனிந்து பார்த்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "இந்த வயர் ஏன் இப்பிடி விறைச்சுக்கொண்டு நிக்குது? பக்கத்தில இருக்கிறது தொங்குது. ரெண்டும் மாறிக் கிடக்கு மிஸ்ஸி." இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிக் கொழுவினார். கார் பூனைக்குட்டி மாதிரி உறுமியது.

அத்தான் தலையைக் குனிந்தார். "இலக்கம் ஒட்டினது நான்தான்."

"கண் தெரியாத மனுசனை ஒட்ட விட்டது நான். பிழை என்ர" என்றார் அக்கா. சொல்லி முடிக்கும் முன்னரே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கார் ஓரமாக நிலத்திலேயே இருந்துவிட்டார். அவரைப் பார்த்து அத்தானும், பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

தம்பி ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்த்து, "நான் இறுக்கினாலும் இவ்வளவுதான் இறுக்குவன்" என்றார். காசு வேண்டாமென்று மறுத்தார். அக்கா விடவில்லை. "பிளக் மாத்தினது நான், அதுக்குத் தரமாட்டன். எது பிழையெண்டு கண்டுபிடிச்சது நீங்கள், அதுக்குப் பிடியுங்கோ."

வியாழக்கிழமை மாங்குளம், ஓமந்தை எல்லாம் கடந்து ஒரு திக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் அத்தான் அக்காவைக் கனநேரம் பார்த்தார். "உமக்கு இவ்வளவு நரை எப்ப வந்தது?" என்று கேட்டார். "நீங்கள் இலக்கம் ஒட்டின அண்டைக்கு" என்றார் அக்கா. கட்டோடு இருந்த மற்ற நோயாளர்களும் சிரித்தார்கள்.

அதன் பின் ஒரு வருடம் நன்றாக இருந்தார். பிறகு சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பக்கத்துக் கட்டில் கர்ப்பிணிக்கு எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அத்தான் தினமும் பேப்பரை அவருக்கு உரக்க வாசித்தார். ஒரு காலை, அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா அமைதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்தவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், அமரர் ஊர்தியைத் தானே ஓட்டிவந்த கராஜ்காரத் தம்பிக்கும், தூர தேசங்களிலிருந்து அழைத்து ஆறுதல் சொன்ன சொந்தங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

செத்தவீட்டன்று பந்தலுக்குள் நடந்த ஒரு சண்டைக்காகவும் நன்றி சொல்ல வேண்டும். கண்டாவளையிலிருந்து வந்த ஒரு வாத்தியார், முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு மீனவர், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஆகிய மூவரும், அக்கா முதன்முதலில் கையில் ஏந்திய பிள்ளை தாங்கள்தான் என்று வாதாடினார்கள். குரல் உயர்ந்தது. மூவரும் தத்தம் தாய்மாரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அத்தான் எழுந்து போய், "மூண்டு பேரும் வந்து பெட்டிக்குத் தோள் குடுங்கோ" என்றார். கைக்குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.