பன்னிரண்டு தடவை பாஸ் ஆன கிராணி

இன்று காலை மலாக்காவில் கூட்டம். தண்ணீர், மின்சார வேலையாட்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று திட்டமிடும் குழு. மூன்று வருடமாக நானும் உறுப்பினன்.

நிலத்தடிக் குழிக்குள் இறங்குவதை நேரில்தான் கற்றுத்தர வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "ஆன்லைன் பரீட்சையிலயே எல்லாரும் பாஸ் லா. உங்களுக்கு மட்டும் ஏன் சார் எப்பவும் பிரச்சனை?"

வழக்கம்போல என் பேச்சு கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

திரும்பும் வழியில் பெம்பானில் தேநீர்க் கடை. குழாய் பழுதுபார்க்கும் முனியாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவரும் பாஸ் ஆனவர்.

"குழிக்குள்ள விஷவாயு இருக்கான்னு எப்படிண்ணே பாப்பீங்க?"

"மோந்து பாத்துட்டு எறங்கிடுவோம் தம்பி."

"பரீட்சையில அதையா எழுதுனீங்க?"

"நாங்க எங்க எழுதுனோம்? ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணி எங்க பன்னெண்டு பேருக்கும் அவரே உக்காந்து பதில் தட்டிட்டாரு. நாளைக்குச் செலண்டார் ஊர்ல ஒரு குழியில எறங்குற வேல இருக்கு."

கடை வாசலிலிருந்தே தலைவருக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "அடுத்த மீட்டிங்ல பேசலாம் சார்" என்றார்.

அண்ணனிடம், விஷவாயுவை அளக்கும் வாயுமானி வராமல் இறங்க வேண்டாம் என்றேன். "எறங்கலன்னா வேற ஆள எறக்குவாங்க தம்பி."

நல்லது. பன்னிரண்டு தடவை பாஸ் ஆன கிராணியையே முதலில் இறக்கச் சொல்லி இப்போது குழுவுக்கு எழுதுகிறேன். வழிமொழிய யாராவது இருக்கிறீர்களா?