கதவு திறக்காத அறை

போன புயலில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை பாதி பறந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்துக்குள் குடும்பம் பத்திரமாக ஒதுங்க வீட்டுக்குள் ஓர் இடம் வேண்டுமென்று, நாகப்பட்டினத்திலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மாவை வரவழைத்தோம். ஒல்லியான உருவம், பாதி நரைத்த தலை. எந்த அறைக்குள் போனாலும் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் தனியாக நிற்பார்.

கடைசியில் நடு அறையைக் காட்டினார். "இதுக்குக் கான்கிரீட் போட்டுடுங்க. எந்தக் காத்துக்கும் அசையாது."

"உங்க வீட்லயும் இப்படித்தானாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆமா, கட்டியிருக்கேன். ஆனா இனிமே புயல்னா பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவோம்."

"ஏங்க, அறை தாங்காதா?"

"நல்லாத் தாங்குச்சு. போன புயல்ல உள்ளதான் இருந்தோம். வெளியில யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருந்துச்சு. காத்தா, ஆளான்னு தெரியல. பிள்ளைங்க உள்ள இருந்துச்சுங்க, நான் திறக்கல."

"ஆளா இருந்துச்சா?"

"இன்னும் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அவர் சொன்னபடியே அறையைக் கட்டிவிட்டோம். உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அவர் எங்களை அதைக் கட்டச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.