மாமா விட்ட கோல்

என் சின்னமாமா தோற்றதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒரு மாதம் அவரோடு கதைக்காமல் இருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அவர் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காத்தவர். பிறகு படித்து டொக்டரானார். கூடப் படித்தவர்கள் விமானமேறிப் போய்விட, இவர் சைக்கிளேறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். போரில் மின்சாரம் நின்று, செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். பகலெல்லாம் காயக்காரரைத் தைத்துவிட்டு, பின்னேரம் மைதானத்துப் புழுதியில் விழுந்து எழும்புவார்.

"டொக்டர் எண்ட மரியாதை உனக்கே இல்லையெண்டால் ஊருக்கு எங்காலை வரும்?" என்று அம்மா பேசுவார். மாமா சிரிப்பார். தன்னால் முடியாதது ஒன்று உண்டென்று அவர் நம்பியதே இல்லை.

உண்மையில் ஒன்று இருந்தது. சனத்திடம் இரத்தம் கேட்டு வாங்குவது. குளிர்சாதனப் பெட்டி இயங்காததால் இரத்தத்தைச் சேர்த்துவைக்க வழியில்லை. தேவைப்படும்போது ஆள் வரவேண்டும். எங்கள் ஊர்ப் பெடியள் முந்தின மாதமே கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் உடனே மறுபடி எடுக்கக்கூடாது. அயலூரிலோ, பிள்ளை வற்றிப்போவான் என்று தாய்மார் விடவில்லை. மாமா வீடுவீடாகப் போய்க் கெஞ்சியும் தேத்தண்ணிதான் கிடைத்தது.

அந்த அயலூரோடுதான் இறுதியாட்டம். ஆஸ்பத்திரியில் செல்துண்டு பட்ட ஒரு தாய்க்கு மறுநாள் இரண்டாம்முறை வயிற்றைத் திறக்கவேண்டும். இரத்தமில்லாமல் கைவைக்க முடியாது.

ஆட்டம் தொடங்கமுன் மாமா ஒலிபெருக்கியை வாங்கினார்.

"வெல்லுற அணி நாளைக் காலமை ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் தரவேணும். தோத்த ஆக்களின்ரை இரத்தம் எங்களுக்கு வேண்டாம்!"

அவ்வளவுதான், அயலூர்க்காரருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நாங்கள்தான் வாறம், டொக்டர்!" என்று அவர்களின் கப்டன் கத்தினான். எங்கள் அணி வென்றால் யார் கொடுப்பது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி நிமிஷம்வரை கோல் இல்லை. பிறகு அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நான் வலைக்குப் பின்னால் நின்றேன். அடிக்க வந்தவன் அந்தக் கப்டன். உவன் எப்பவும் என்ரை வலக்கைப் பக்கம்தான் அடிப்பான் என்று முதல்நாள் மாமாவே எனக்குச் சொல்லியிருந்தார். அவனும் மாமாவின் வலக்கைப் பக்கம்தான் அடித்தான். மாமா இடக்கைப் பக்கம் பாய்ந்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் ஆறுதல் சொன்னது. எனக்கு ஆறவில்லை. என் மாமா எங்கள் ஊரை விற்றுவிட்டார் என்று அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் காலை, அம்மா மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்து என்னை அனுப்பினார். ஆஸ்பத்திரி விறாந்தையில் பதினொரு அயலூர்ப் பெடியளும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தியிருந்தார்கள். நடுவில் வெற்றிக் கோப்பை. அவர்களில் இரண்டுபேரின் தாய்மார்கூட, இப்போது பெருமையோடு, முட்டை அவித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாமா அவர்களுக்கு நடுவில் கப்பெடுத்தவர்போல நடந்து திரிந்தார்.

"நீங்கள் வேணுமெண்டுதான் விட்டனீங்கள்," என்றேன்.

"ஓம் பிள்ளை," என்றார் மாமா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஆருக்கும் சொல்லிப்போடாதை."

இனி அவரோடு கதைப்பதில்லை என்று, சாப்பாட்டை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சத்திரசிகிச்சை அறை வாசலில் என் வயதுச் சிறுமி ஒருத்தி நிலத்தில் இருந்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு இரத்தப் பையையும் விரல்விட்டு எண்ணினாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.

அவளும் அந்த ஊர்க்காரி, கோப்பை கிடைத்த சந்தோசப் புளுகத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.