தழும்பு இல்லாத வைத்தியம்

"எங்கீங்க அறுத்தாங்க?" மேற்கு ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு நாமக்கல் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்த நாள் முதல், என் கணவரைப் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் பார்த்தவர் என்றால் இடுப்பில் நீளமாக ஒரு தழும்பு இருக்க வேண்டும். அப்போது இவர் சட்டையைத் தூக்கினால் ஒன்றும் இருக்காது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அங்கே இவரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைத்தார்கள். குழந்தையோடு நடைவழியில் நின்றிருந்தேன். "அழாதீர்கள், கத்தியே படாது" என்றாள் நர்ஸ். நான் அழுதது கத்திக்காக அல்ல, கூட உட்கார ஓர் ஆள் இல்லையே என்று. அதைச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. உடைந்த கல் துணுக்குகள் சிறுநீரில் வெளியேறும்வரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தொட்டிக் கதையைக் கேட்டு இவருடைய சித்தப்பா சிரித்தார். "குளிக்க வெச்சு அனுப்பிட்டாங்களா சாமி? நம்ம கெணத்துலயே முங்கி எந்திரிச்சிருக்கலாமே!"

மறுநாளே இவர் கோழிப்பண்ணைக்குக் கிளம்பிவிட்டார். "ஏனுங்க, வெயிலுங்க" என்றேன்.

"காயமே இல்லாதவன் கட்டல்ல கெடந்தா ஊரே சிரிக்கும், உடு."

கொடுத்தனுப்பிய தண்ணீர் கூஜா மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மாலையில் விலாவில் வலி, குளிர்காய்ச்சல். "வெயிலு பட்டது கண்ணு, கசாயம் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார் மாமியார். பெரியவர்களை மீறிப் பழக்கமில்லாத நான் காரைக் கூப்பிடச் சொன்னேன். சேலத்து டாக்டர், உடைந்த துணுக்குகள் சிறுநீர் வரும் பாதையை அடைத்து உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்றார். தாமதித்திருந்தால் சிறுநீரகமே போயிருக்குமாம். சீழ் வடிய முதுகுப் பக்கம் கீறிக் குழாய் வைத்தார்.

இப்போது வருகிறவர்கள் தையலைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். "இப்பத்தான் கண்ணு வைத்தியம் பண்ணுனாப்பல இருக்குது" என்று சித்தப்பா நிம்மதியானார். கட்டிலை விட்டு இவரை இறங்க விடுவதில்லை. ஆள் மாற்றி ஆள் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு சிறுநீரகத்திலும் கல் இருக்கிறது. அதை இங்கேயே அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். அடைத்தது தொட்டியின் குற்றமா, வெயிலின் குற்றமா என்று டாக்டரும் தெளிவாகச் சொல்லவில்லை. இவருக்குப் பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. இவர் உடம்புக்குள்ளே அந்த ஊர் உடைத்த கல், மேலே இந்த ஊர் போட்ட தையல். இரண்டு ஊரிலும் வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அடுத்த கல்லுக்கு நான் இவரை எங்கே கூட்டிப்போவது?