லிஃப்ட் வாசலில் விட்ட செருப்பு

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் மணியை அழுத்து, பதறாதே, கதவைப் பிளக்காதே என்று இப்போதெல்லாம் உள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நல்ல புத்திமதிதான். எங்களைக் காப்பாற்றியது அந்தப் பட்டியலில் இல்லை.

எண்பதுகளில் ஒருநாள் காலை, கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்பாவை ஷா ஆலாமுக்கு அழைத்துப் போனேன். இந்த நாட்டிலேயே பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாததால் அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி., அதாவது அடையாள அட்டை. குடியுரிமை கேட்டு எழுதிப்போட்டு ஒன்பது வருடம் கழித்து நேர்காணலுக்குக் கடிதம் வந்திருந்தது. பத்து மணிக்கு ஐந்தாம் மாடியில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

லிஃப்ட் திறந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் வாசலில் முப்பது வருடமாகச் செய்த பழக்கம். எனக்கு மானம் போயிற்று.

"ஐயோ அப்பா, இது என்ன கோயிலா? போட்டுக்கிட்டு வாங்க!"

அவர் திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. இடுப்பளவு உயர்ந்திருப்போம், லிஃப்ட் குலுங்கி நின்றுவிட்டது.

மணி வேலை செய்யவில்லை. என் காலணியைக் கழற்றிக் கதவை இடித்தேன். யாரும் வரவில்லை. விரலை விட்டு நெம்பப் போனேன்.

"நோண்டாதம்மா, கை நசுங்கிரும். ஆளு வருவாங்க லா," என்று அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நேர்காணலில் கேட்பார்களென்று ருக்குன் நெகாரா என்ற நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தையும் மலாயில் முணுமுணுக்கத் தொடங்கினார். நான்காவதில் தடுக்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் உங்களாலதான்!" என்றேன்.

லிஃப்ட் நின்றதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு மலாய்க் காவலர் சாவியோடு வந்து திறந்தார். மேல்மாடியில் தச்சுவேலை நடந்ததால், நான் இடித்ததையும் அதுவென்றே நினைத்தாராம். லிஃப்ட் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்த பிறகுதான், இதன் ஆள் எங்கே என்று யோசித்தாராம்.

பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. அப்பா குதித்திறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து மாடியும் படியேறினார். பெயரைக் கூப்பிட்டபோது மூச்சிரைக்கக் கையை மட்டும் தூக்கினார்.

குடிமக்களுக்கான நீல ஐ.சி. வாங்க அடுத்த வருடம் அதே கட்டடத்துக்குப் போனோம். லிஃப்ட் திறந்தது. செருப்பிலிருந்து பாதி காலை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் திரும்ப நுழைத்துக்கொண்டார். என் வாய்க்கு அவர் பயந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"கழட்டிட்டே வாங்கப்பா," என்றேன்.